ஓவர்டேக் முடிஞ்சுதா? இடது பக்கம் வந்துடுங்க!

எரிச்சல்லதான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன், அதை மறைக்க விரும்பல. நம்ம குன்றத்தூரை ஒட்டியே சென்னை வெளிவட்டச் சாலை (நம்ம வாயில அவுட்டர் ரிங் ரோடு) போகுது. வண்டலூர்ல தொடங்கி மீஞ்சூர் வரைக்கும் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நெமிலிச்சேரி வரைக்கும் 2014ல திறந்தாங்க, மிச்சம் 2021ல வந்துச்சு. போற பக்கம் மூணு லேன், வர்ற பக்கம் மூணு லேன், நடுவுல மீடியன், ஓரத்துல சர்வீஸ் ரோடு. இவ்வளவு அகலம் இருந்தும், வண்டி கம்மியா இருக்கற நேரத்துலகூட அந்த ரோட்ல நிம்மதியா போக முடியல. மீடியனை ஒட்டின வலது லேன்ல 50 கிலோமீட்டர் வேகத்துல ஒரு வண்டி போயிட்டே இருக்கும். நடு லேன்ல அதே வேகத்துல இன்னொண்ணு. பின்னாடி வர்றவங்க எல்லாம் இடது பக்கமா வளைஞ்சு நெளிஞ்சு முன்னாடி போவாங்க. தப்பு பண்றோம்ங்கற நினைப்பு ரெண்டு தரப்புக்குமே இருக்காது. அதுதான் என்னை ரொம்ப உறுத்துது.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான்.

வலது லேன் முந்துறதுக்கு மட்டும். முந்தி முடிச்சதும் இடது பக்கம் திரும்பி வந்துடணும்.

இதை வெறும் நாகரிகம், பெருந்தன்மைனு எடுத்துக்காதீங்க. வலது லேனை ஒருத்தர் அடைச்சுக்கிட்டுப் போனா, அதுக்கான விலையை அவர் கொடுக்கறதில்ல. பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்ற கார்க்காரரும் பெரும்பாலும் கொடுக்கறதில்ல. இடது ஓரத்துல, முதுகுல பையை மாட்டிக்கிட்டு ஷிப்டுக்குப் போற டூ வீலர்காரர்தான் கொடுக்கறார். ஒருத்தர் சௌகரியமா வலது பக்கம் உட்கார்ந்திருக்கறதுக்கும், வேற ஒருத்தர் இடது பக்கம் அடிபடறதுக்கும் நடுவுல ஒரு சங்கிலி இருக்கு. அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியா காட்டணும்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல நம்ம ரோட்ல யார் யார் போறாங்கனு பாருங்க. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம்னு வரிசையா சிப்காட் தொழிற்பூங்காக்கள். கார் கம்பெனி, லாரி கம்பெனி, பைக் கம்பெனி, டயர் கம்பெனி, செல்போன் கம்பெனி எல்லாம் இந்த வட்டாரத்துலதான். அதனால ஒரே நேரத்துல ஒரே ரோட்ல 40 அடி கன்டெய்னர் ஏத்தின ட்ரெய்லர் போகும், புதுக் கார்களை அடுக்கின கேரியர் போகும், எம்-சாண்ட் டிப்பர் போகும், தண்ணி லாரி போகும், வரிசையா கம்பெனி பஸ் போகும், ஷேர் ஆட்டோ போகும், இதுக்கெல்லாம் நடுவுல ஆயிரக்கணக்கான பைக்கும் ஸ்கூட்டியும் போகும். குன்றத்தூர்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் போற ரோடு, சோமங்கலம் பக்கம், வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு, சிங்கப்பெருமாள்கோயில் ரோடு, பெங்களூர் போற தேசிய நெடுஞ்சாலை 48, எதை எடுத்தாலும் இதே கலவைதான். 40ல போற வண்டியும் 90ல போற வண்டியும் ஒரே தார் மேல. இப்படிப்பட்ட இடத்துலதான் லேன் ரொம்பத் தேவை. எல்லா வண்டியும் ஒரே மாதிரி, ஒரே வேகத்துல போனா லேன் இல்லாமகூட ஒப்பேத்திடலாம்.

சரி, சங்கிலிக்கு வருவோம். நாலு வழிச் சாலைனு வெச்சுக்குங்க, அதாவது நமக்கு ரெண்டு லேன். இடது லேன்ல ஒரு கன்டெய்னர் ட்ரெய்லர் 45ல போகுது. அதை முந்தலாம்னு ஒரு லாரி 50ல வலது லேனுக்கு வருது. ரெண்டுக்கும் வேக வித்தியாசம் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது ஒரு செகண்டுக்கு ஒன்றரை மீட்டர்கூட கிடையாது. ட்ரெய்லர் நீளம் 16 மீட்டர், லாரி நீளம் 10 மீட்டர், முன்னாடியும் பின்னாடியும் 15 மீட்டர் இடைவெளினு வெச்சா, லாரி 56 மீட்டர் கூடுதலா ஓடினாத்தான் முந்தி முடிக்க முடியும். கணக்குப் போட்டுப் பாருங்க, 40 செகண்ட் ஆகும். அந்த 40 செகண்ட்ல ரெண்டு வண்டியும் அரை கிலோமீட்டருக்கு மேல பக்கம் பக்கமா ஓடியிருக்கும். அது வரைக்கும் ரோடே மூடிக்கிச்சுனு அர்த்தம். பின்னாடி 80ல வந்த கார்கள் எல்லாம் 50க்கு இறங்கி, ஒட்டி ஒட்டி நிக்கும். இந்த 40 செகண்டை நான் குறை சொல்லல. லாரியும் முந்தித்தான் ஆகணும், அதுக்கும் அவசரம் இருக்கு. குறை என்னன்னா, முந்தி முடிச்ச பிறகும் அந்த லாரி வலது லேன்லயே தங்கிடுது. இல்லைன்னா அதோட இடத்துல ஒரு கார், "அடுத்தும் ஒரு லாரி வரும், அப்ப மறுபடி மாறணுமே"னு நினைச்சுக்கிட்டு வலது பக்கமே ஓட்டுது. 40 செகண்ட்ல முடிய வேண்டிய அடைப்பு நாலு கிலோமீட்டருக்கு நீளுது.

இப்ப பின்னாடி நிக்கறவர் என்ன பண்ணுவார்? முதல்ல லைட் அடிப்பார். அப்புறம் ஹாரன். அப்புறம் இடது பக்கம் எட்டிப் பார்ப்பார். ட்ரெய்லருக்கும் அதுக்கு முன்னாடி போற வண்டிக்கும் நடுவுல ஒரு சின்ன சந்து தெரிஞ்சா உள்ளே புகுந்து வெளியே வருவார். சந்து தெரியலைன்னா வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ரோட்டோட இடது ஓரத்துல இறங்கி, ட்ரெய்லரையே இடது பக்கமா முந்துவார். அந்த ஓரத்துலதான் பைக் போயிட்டிருக்கு. நம்ம நாட்டு வண்டில டிரைவர் வலது பக்கம் உட்கார்றார், அதனால பெரிய வண்டிக்கு இடது பக்கம்தான் கண்ணுக்குத் தெரியாத பக்கம். கேபினுக்குக் கீழே, முன் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு பைக்கோ காரோ இருந்தா டிரைவருக்குத் தெரியவே தெரியாது. கிளீனர் இருந்தா எட்டிப் பார்த்துச் சொல்வார், இப்ப நிறைய வண்டில கிளீனரும் கிடையாது. அந்த மறைவுக்குள்ள ஒரு கார் வேகமா நுழையும்போது, ஏற்கெனவே அங்கே இருக்கற பைக்காரருக்கு ஒதுங்க இடம் இல்ல. வலது பக்கம் ட்ரெய்லர் சக்கரம், இடது பக்கம் மண், பின்னாடி கார். அவர் பண்ணின தப்பு ஒண்ணுகூட கிடையாது. சரியான இடத்துல, சரியான வேகத்துல போனார்.

எண்ணிக்கையும் இதையேதான் சொல்லுது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022 அறிக்கைப்படி, அந்த வருஷம் இந்தியாவுல 4,61,312 விபத்து, 1,68,491 பேர் சாவு. விபத்து எண்ணிக்கையில முதல் இடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. செத்தவங்க 17,884 பேர். நாடு முழுக்க செத்தவங்கள்ல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூ வீலர்ல போனவங்க. எந்த மாதிரி மோதல்னு பிரிச்சுப் பார்த்தா, பின்னாடி இருந்து வந்து இடிச்சதுதான் பெரிய பங்கு, விபத்துல ஏறக்குறைய ஐந்துல ஒண்ணு. பின்னாடி இருந்து இடிக்கறதுன்னா என்ன? முன்னாடி போறவர் என்ன பண்ணப் போறார்னு பின்னாடி வர்றவருக்குத் தெரியல, இல்ல தெரிஞ்சும் நிறுத்த இடம் இல்ல. லேன் ஒழுங்கு வேணும்ங்கறதே இந்த ரெண்டுக்காகத்தான். அடுத்தவங்க நம்மளை முன்கூட்டியே கணிக்க முடியணும், கணிச்ச பிறகு செயல்பட இடமும் இருக்கணும்.

உடனே ஒரு கேள்வி வரும்: "அந்த அறிக்கையிலயே 10 சாவுல 7 அதிவேகத்தாலனு போட்டிருக்கே, நீங்க என்னமோ லேனைப் பத்திப் பேசறீங்க?" நியாயமான கேள்வி. அதிவேகம் கொல்லுது, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. மோதினா அடி எவ்வளவு பலமா விழும்ங்கறதை வேகம்தான் தீர்மானிக்குது. ஆனா மோதல் நடக்கறதுக்கு ரெண்டு வண்டி ஒரே இடத்துக்கு வரணும் இல்லையா? 80ல போற வண்டியும் 40ல போற வண்டியும் தனித்தனி லேன்ல, ஒழுங்கா கடந்து போனா ஒண்ணும் ஆகாது. அதே ரெண்டும் ஒரே லேன்ல எதிர்பாராம சந்திச்சாத்தான் ஆபத்து. இன்னொண்ணும் இருக்கு. ரொம்ப நேரம் அடைபட்டுக் கிடந்தவர் வெளியே வந்ததும் என்ன பண்றார்? விட்ட நேரத்தைப் பிடிக்க ஆக்ஸிலேட்டரை அழுத்தறார். வலது லேன் அடைப்பே அதிவேகத்தைக் கிளப்பி விடுது. வேகத்தைக் குறைக்கணும்னு நினைக்கறவங்க லேனையும் சேர்த்தே பேசியாகணும்.

அடுத்து சட்டம். இது ஏதோ மேல்நாட்டுல இருந்து கொண்டு வந்த பழக்கம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி இல்லைங்க. 1989லயே மத்திய அரசோட சாலை விதிகள் தெளிவா சொல்லுச்சு: முடிஞ்ச அளவுக்கு இடது பக்கமா ஓட்டணும், முந்தினா வலது பக்கமா முந்தணும், லேன் போட்ட ரோட்ல லேனுக்குள்ளதான் ஓட்டணும், மாறணும்னா சிக்னல் கொடுத்துட்டு மாறணும். ஒருத்தர் நம்மளை முந்தும்போது நாம வேகத்தைக் கூட்டக் கூடாதுனுகூட அதுல இருக்கு. 2017ல அந்த விதிகளை எடுத்துட்டு, இன்னும் விரிவா மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள்னு கொண்டு வந்தாங்க. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ, இந்த ஒழுங்குமுறைகளை மீறினா 500 ரூபாய்ல இருந்து 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம்னு தனிப் பிரிவே சேர்த்தாங்க. எதிர்த்திசையில ஓட்டறதும், விதிக்கு மாறா முந்தறதும் ஆபத்தான ஓட்டுதல்ங்கற கணக்குல வந்துச்சு, அதுக்குத் தண்டனை இன்னும் கடுமை. ஆம்புலன்ஸுக்கு வழி விடலைன்னா 10,000 ரூபாய். (வலது லேன் காலியா இருந்தா ஆம்புலன்ஸுக்கு யாரும் ஒதுங்கவே வேண்டாம்ங்கறதையும் யோசிச்சுக்குங்க.) நம்மளை மாதிரியே இடது பக்கம் ஓட்டற பிரிட்டன்ல, 2013 ஆகஸ்ட்ல இருந்து நடு லேன்ல காரணமில்லாம தங்கறவங்களுக்கும், முன் வண்டியை ஒட்டி ஓட்டறவங்களுக்கும் அங்கேயே 100 பவுண்டு அபராதம் போடலாம்னு போலீஸுக்கு அதிகாரம் கொடுத்தாங்க. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே அறிவிப்புல கொண்டு வந்தது சரியான யோசனை. ஒட்டி ஓட்டறவரும் அடைச்சுக்கிட்டுப் போறவரும் ஒரே பிரச்சனையோட ரெண்டு முனை.

இனி எதிர்வாதங்களுக்கு வர்றேன். அடிக்கடி கேக்கறது இதுதான்: "நான் போர்டுல போட்ட வேகத்துக்குச் சரியா போறேன். என்னைவிட வேகமா போறவர்தான் சட்டத்தை மீறறார். நான் ஏன் ஒதுங்கணும்?" பின்னாடி வர்றவரோட வேகத்துக்கு நீங்க பொறுப்பு இல்ல, அவரைத் திருத்தற வேலையும் உங்களுது இல்ல. அவரைப் பிடிக்க கேமராவும் போலீஸும் இருக்கு. நீங்க வழியை மறிச்சு நின்னா அவர் வேகத்தைக் குறைச்சுக்கிட்டுத் திருந்திடுவார்னு நம்பறீங்களா? இடது பக்கமா போவார். அவர் தப்போட விளைவை நீங்க பைக்காரர் பக்கம் தள்ளி விட்டுட்டீங்க, அவ்வளவுதான் நடந்துச்சு. அவர் ஏதாவது அவசரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கலாம், திமிர்ல போயிட்டிருக்கலாம். ரெண்டுல எதுவா இருந்தாலும் அவர் வலது பக்கமா கடந்து போறதுதான் எல்லாருக்கும் நல்லது.

ரெண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. "இடது பக்கம் வா வானு சொல்றீங்களே, இடது லேன்னு ஒண்ணு இருக்கா?" இதை லாரி டிரைவர்கள்தான் அதிகம் சொல்றாங்க, அவங்க சொல்றதுல நிஜம் இருக்கு. இடது ஓரத்துல நிறுத்தி வெச்ச லாரி வரிசை. கம்பெனி பஸ் திடீர்னு நின்னு ஆள் ஏத்தும். ஷேர் ஆட்டோ நிக்கும். டீக்கடைக்கு முன்னாடி நாலு வண்டி. அரை கிலோமீட்டர் சுத்தி யூ டர்ன் எடுக்கறதுக்குச் சோம்பல்பட்டு, ராங் சைடுல எதிர்ல வர்ற பைக். மாடு. பழுதாகி நின்ன லாரியைச் சுத்தி எச்சரிக்கைக்காக வெச்ச கல்லும் ஒடிச்சுப் போட்ட மரக்கிளையும் இருக்கும். வண்டி கிளம்பிப் போன பிறகும் அந்தக் கல் அங்கேயே கிடக்கும். ராத்திரில இது எவ்வளவு கொடுமைன்னா, 80ல போற கார் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது. தடை இருக்குனு மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே 30 மீட்டர் போயிடும். அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்கறதுக்கு, காய்ஞ்ச ரோடா இருந்தாலும், இன்னும் 35 மீட்டராவது வேணும். பின்னாடி லைட்டும் ரிஃப்ளெக்டரும் இல்லாம நிக்கற ட்ரெய்லர் டிப் வெளிச்சத்துல அவ்வளவு தூரத்துல தெரியறது கஷ்டம். இதையெல்லாம் தெரிஞ்ச டிரைவர், பாதுகாப்பா இருக்கட்டும்னுதான் மீடியனை ஒட்டிப் போறார்.

இதுக்கு என் பதில் ரெண்டு பங்கு. முதல் பங்கு, இடது லேனைக் காலி பண்றது அரசோட வேலை, கம்பெனிகளோட வேலையும்கூட. லாரி டிரைவர் ஆசைப்பட்டு ரோட்டோரம் நிறுத்தல. லோடு இறக்க டோக்கன் கிடைக்கற வரைக்கும், கேட் திறக்கற வரைக்கும் அவர் எங்கே காத்திருக்கணும்? சிப்காட்டுக்குள்ள கழிப்பறையும் குளிக்கற இடமும் வெச்ச லாரி நிறுத்துமிடம் போதுமான அளவுக்கு இருக்கணும். சரக்கு வாங்கற கம்பெனி தன் வளாகத்துக்குள்ளயே காத்திருக்க இடம் ஒதுக்கணும். கம்பெனி பஸ் நிக்கறதுக்கு ரோட்டை விட்டு விலகின நிறுத்தம் வேணும். சர்வீஸ் ரோடு நடுவுல அறுந்து போகாம தொடர்ச்சியா இருந்தாத்தான் பைக் ராங் சைடுல வராது. இதையெல்லாம் கேக்க நமக்கு முழு உரிமை இருக்கு, கேக்கணும். ரெண்டாவது பங்கு, இடது ஓரம் மோசமா இருக்கற இடத்துல மூணு லேன் ரோடா இருந்தா நடு லேன் இருக்கே! வலது லேன்லயே குடியிருக்கறதுக்கு அங்கே காரணமே இல்ல. ரெண்டு லேன் ரோடா இருந்தா, நிக்கற வண்டியைக் கண்டதும் முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் மாறி, தாண்டினதும் திரும்பி வரலாம். "எங்கேயோ ஒரு இடத்துல லாரி நிக்கும்"ங்கறதுக்காக 20 கிலோமீட்டரும் வலது பக்கமே ஓட்டறதை ஏத்துக்க முடியாது.

மூணாவது, நேரம். "புகுந்து புகுந்து போனாத்தான் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும்." இதைக் கணக்கு போட்டே பார்த்துடலாம். 20 கிலோமீட்டர் தூரம், சராசரி 60ல போனா 20 நிமிஷம். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு, லேன் லேனா தாவி, சராசரியை 70க்கு ஏத்திட்டீங்கனு வெச்சுக்கலாம். மிச்சம் ஆகறது மூணு நிமிஷத்துக்கும் கம்மி. அந்த மூணு நிமிஷமும் அடுத்த சிக்னல்ல கரைஞ்சுடும். அப்ப ஏன் பக்கத்து லேன் எப்பவும் வேகமா போற மாதிரி தோணுது? கனடாவுல டொரோண்டோ பல்கலைக்கழகத்துல ரெடல்மெயர், அமெரிக்காவுல டிப்ஷிரானி, ரெண்டு பேரும் 1999ல நேச்சர் இதழ்ல இதைப் பத்தி எழுதினாங்க. ரெண்டு லேனும் சராசரியா ஒரே வேகத்துல போனாலும், நாம மத்த வண்டிகளை முந்தறது சட்டுனு, கும்பலா நடந்து முடிஞ்சுடும். மத்தவங்க நம்மளை முந்தறது மட்டும் மெதுவா, ரொம்ப நேரத்துக்கு நடக்கும். முந்தின வண்டி கண்ணுக்குப் பின்னாடி மறைஞ்சுடுது, நம்மளை முந்தின வண்டி கண்ணு முன்னாடியே நிக்குது. அதனால நம்ம லேன்தான் மட்டம்னு மனசு முடிவு கட்டிடுது. லேன் மாறணும்ங்கற தவிப்புல பாதி, இந்தப் பிரமையால வர்றது.

லேன் தாவறதால தாவறவருக்குக் கிடைக்கறது மூணு நிமிஷம்னா, பின்னாடி வர்றவங்களுக்கு என்ன ஆகுது? ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்து சுகியாமாவும் கூட்டாளிகளும் 2008ல ஒரு பரிசோதனையை வெளியிட்டாங்க. 230 மீட்டர் சுற்றளவுல ஒரு வட்டப் பாதை, 22 கார். எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்துல சீரா ஓட்டுங்கனு மட்டும் சொன்னாங்க. சிக்னல் இல்ல, குழி இல்ல, லேன் மாறறதும் இல்ல. கொஞ்ச நேரத்துல ஒருத்தர் லேசா பிரேக் தொட்டார், பின்னாடி இருந்தவர் அதைவிடக் கொஞ்சம் பலமா தொட்டார், அப்படியே பெருகி ஒரு நெரிசல் உருவாகி, அலை மாதிரி பின்னோக்கி நகர ஆரம்பிச்சுது. எந்தத் தடையும் இல்லாத இடத்துலயே ஒரு சின்ன பிரேக்குக்கு இவ்வளவு பலம்! நம்ம ரோட்ல ஒருத்தர் கட் அடிச்சு உள்ளே புகும்போது பின்னாடி இருக்கறவர் பலமா பிரேக் பிடிக்கறார். அவருக்குப் பின்னாடி அம்பது பேர் பிடிக்கறாங்க. ஷிப்ட் விடற நேரத்துல காரணமே தெரியாம வண்டிங்க நின்னு நின்னு நகர்றதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு. முன் வண்டிக்குப் பின்னாடி மூணு செகண்ட் இடைவெளி விட்டு ஓட்டறவர் அந்த அலையைத் தன்னோட நிறுத்திடறார். (முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டினதும் எண்ண ஆரம்பிங்க. மூணு செகண்டுக்கு முன்னாடி நீங்க அந்தக் கம்பத்துக்கு வந்துட்டா, ரொம்ப ஒட்டிப் போறீங்கனு அர்த்தம்.)

கடைசியா, எனக்குக் கோபம் வர்ற எதிர்வாதம்: "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது." இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். இந்த வட்டாரத்துல எந்தத் தொழிற்சாலைக்குள்ள வேணும்னாலும் போய்ப் பாருங்க. தரையில மஞ்சக் கோடு போட்டிருக்கும். நடக்கறவங்க ஒரு பக்கம், ஃபோர்க்லிஃப்ட் ஒரு பக்கம். கோட்டைத் தாண்டி யாரும் குறுக்கே போறதில்ல, மூலையில ஃபோர்க்லிஃப்ட் நின்னு ஹாரன் அடிச்சுட்டுத்தான் திரும்பும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் கிராமங்கள்ல இருந்து வந்த பிள்ளைங்கதான் அந்தக் கோட்டுக்குள்ள எட்டு மணி நேரம் ஒழுங்கா வேலை பார்க்கறாங்க. அதே பிள்ளைங்க கேட்டுக்கு வெளியே வந்ததும் திடீர்னு ஒழுக்கம் கெட்டவங்க ஆயிடறாங்களா? உள்ளே கோட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. அதை முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க, மீறினா கேக்க ஆள் இருக்கு, எல்லாரும் கடைப்பிடிக்கறாங்க. வெளியே இந்த மூணுமே இல்ல. குறை இருக்கறது அமைப்புலதான்.

சொல்லிக் கொடுக்கறதையே எடுத்துக்குங்க. பைக்குக்கு 8 போட்டுக் காட்டணும், காருக்கு ஹெச் போட்டுக் காட்டணும். 8 போட்டா லைசென்ஸ். மூணு லேன் ரோட்ல 80ல போய்க்கிட்டு, கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, முந்திட்டுத் திரும்பி வர்றதை யாரும் யாருக்கும் சோதிச்சுப் பார்த்ததில்ல. அதனால ரோட்ல ஆளுக்கொரு பாஷை பேசறாங்க. ஒரு லாரி வலது இண்டிகேட்டர் போட்டா, "நான் வலது பக்கம் வர்றேன்"னு ஒரு அர்த்தம், "நீ என்னை முந்திப் போ"னு இன்னொரு அர்த்தம். ரெண்டும் புழக்கத்துல இருக்கு. தப்பா புரிஞ்சுக்கிட்டவர் மீடியனுக்கும் லாரிக்கும் நடுவுல நசுங்கிடுவார். எதிர்ல வர்ற வண்டி லைட் அடிச்சா "நீ வா"வா, "நான் வர்றேன், நில்லு"வா? மழை பெஞ்சா நாலு இண்டிகேட்டரையும் ஒண்ணா போட்டுக்கிட்டு ஓட்டறவங்க, எந்தப் பக்கம் திரும்பப் போறாங்கனு பின்னாடி இருக்கறவருக்கு எப்படித் தெரியும்? சிக்னல்னா ஒரே அர்த்தம் இருக்கணும். இண்டிகேட்டர் போடறவர் தான் போகப் போற திசையை மட்டும்தான் சொல்லணும்.

அமைப்பை மாத்தினா இந்தியாவுலயே மாற்றம் வரும்ங்கறதுக்குச் சாட்சி இருக்கு. மும்பை–புனே விரைவுச் சாலையில 2016ல 151 பேர் செத்தாங்க. அந்த வருஷம் மகாராஷ்டிர அரசு அமைப்புகளும் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன்ங்கற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, ஒரு சாவுகூட நடக்கக் கூடாதுங்கற இலக்கோட வேலையை ஆரம்பிச்சாங்க. ஆபத்தான இடங்களைச் சரி பண்ணினாங்க, ஓரத்துல நிக்கற வண்டிகளை அப்புறப்படுத்தினாங்க, கண்காணிப்பைக் கூட்டினாங்க, ஆம்புலன்ஸ் வர்ற நேரத்தைக் குறைச்சாங்க. 2019ல சாவு 92 ஆச்சு. இது லேன் ஒழுங்கால மட்டும் வந்ததுனு நான் சொல்ல மாட்டேன், பல வேலை சேர்ந்து வந்த பலன். ஆனா அதே டிரைவர்கள், அதே லாரிகள்தான். அங்கே முடிஞ்சது இங்கே ஏன் முடியாது?

இதுக்கு இப்ப அவசரமும் இருக்கு. பெங்களூர்–சென்னை விரைவுச் சாலை நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் வந்து சேருது. சுமார் 260 கிலோமீட்டர், நாலு வழி, 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைச்சது. அந்த ரோட்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டே லேன். வலது லேன்ல ஒருத்தர் குடியிருந்தா, மேலே சொன்ன 40 செகண்ட் அடைப்பு அங்கே 100ல வர்ற வண்டிகளுக்கு முன்னாடி நடக்கும். 2022 செப்டம்பர்ல டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்துல இறந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அது நடந்தது நம்ம வட்டாரம் வழியா போற அதே தேசிய நெடுஞ்சாலை 48ல, மகாராஷ்டிராவுல பால்கர் மாவட்டத்துல, மூணு லேன் ரெண்டா குறுகற ஒரு பாலத்துல. லேன் குறையற இடம், லேன் சேர்ற இடம், லேன் மாறற நொடி, இதெல்லாம் தான் ஆபத்தான புள்ளிகள். லேன் ஒழுங்குங்கற பழக்கத்தை 60ல கத்துக்காதவங்க 100ல கத்துக்க முடியாது.

அதனால இந்த வட்டாரத்துல வண்டி ஓட்டற எல்லாரையும் கேட்டுக்கறேன். சாதாரணமா போகும்போது இடது லேன், அது சரியில்லாத இடத்துல நடு லேன். முந்தணும்னா கண்ணாடியைப் பாருங்க, இண்டிகேட்டர் போடுங்க, வலது பக்கமா முந்துங்க, முந்தின வண்டி உள் கண்ணாடியில முழுசா தெரிஞ்சதும் இடது இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி வாங்க. யாரையும் இடது பக்கமா முந்தாதீங்க, பெரிய வண்டியை அந்தப் பக்கமா முந்தவே முந்தாதீங்க. பைக்ல போறவங்க ட்ரெய்லர் பக்கத்துலயே ஒட்டிப் போகாதீங்க, ஒண்ணு முன்னாடி போயிடுங்க, இல்ல நல்லா பின்னாடி நில்லுங்க. கம்பெனியில பஸ் ஒப்பந்தம், லாரி ஒப்பந்தம் பார்க்கற பொறுப்புல இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, உள்ளே போட்ட மஞ்சக் கோட்டுக்குக் கொடுக்கற மதிப்பை வெளியே இருக்கற வெள்ளைக் கோட்டுக்கும் கொடுக்கணும்னு அந்த ஒப்பந்தத்துலயே எழுதுங்க.

போலீஸ் வரட்டும், கேமரா வரட்டும், லாரி நிறுத்துமிடம் வரட்டும். எல்லாம் வர வேண்டியதுதான். ஆனா வலது லேனைக் காலி பண்றதுக்கு ஒரு ரூபாய் செலவில்ல, யாரோட அனுமதியும் வேண்டாம். இன்னிக்கே செய்யலாம். செய்ங்க.